ஊர் கூடி இழுக்கும் எழுத்துத் தேர்



எல்லாம் வல்ல இறைவன் திருவருளால் இவ்வாண்டும் நமது மலர் உங்கள் கரங்களில் தவழ்கிறது. தல வரலாறும் விழாச் சிறப்புகளும் படித்துப் பழகிய இப்பக்கங்களில், இம்முறை இம்மலர் உருவாகும் விதத்தைப் பற்றியே சிறிது எழுத விரும்புகிறேன். உங்கள் பொருளுதவியால் அச்சாகும் மலர் ஆதலால், இது நீங்கள் அறிய வேண்டிய செய்தியாகும்.

விடுபட்ட ஒரு பெயர்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை மாலைப் பூசை முடிந்ததும் ஓர் அன்பர் என்னிடம் வந்தார். "ஐயா, பழைய திருப்பணி உபயதாரர் பட்டியலை மலரில் மறுபடியும் போட்டிருக்கிறீர்கள். எங்கள் அம்மா பெயர் மட்டும் இல்லையே?" என்று மெதுவாகக் கேட்டார். அவருடைய தாயார் சிராங்கூன் ரோட்டில் பூக்கட்டிச் சேர்த்த பணத்தில் உபயம் அளித்தவர். மறைந்து பல ஆண்டுகளாகின்றன.

1990களில் அச்சான மலரை எடுத்துப் பார்த்தேன். அதில் அப்பெயர் இருந்தது. அம்மலரின் கணினிக் கோப்பும் எங்களிடம் பத்திரமாக இருந்தது. ஆனால் புதிய கணினியில் திறந்தபோது தமிழுக்குப் பதிலாக ஐரோப்பிய எழுத்துகளும் குறிகளுமே தோன்றின. அதனால் பட்டியலை அவசரமாக மறுபடியும் தட்டச்சு செய்திருந்தோம். ஒரே முதலெழுத்தில் தொடங்கும் இரு பெயர்கள் அடுத்தடுத்து இருந்ததால் கண் ஒரு வரியைத் தாண்டிவிட்டது. மெய்ப்பு பார்த்தவன் அடியேன்தான். முப்பது ஆண்டுகள் மாணவர் ஏடுகளைத் திருத்திய எனக்கு அன்று இரவு உறக்கம் வரவில்லை.

கோப்பு ஏன் திறக்கவில்லை?

கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் வழங்கப்படுகிறது. அக்காலத்தில் தமிழ் எழுத்துருக்களைச் செய்தவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி எண்களை வழங்கினர். ஒருவர் 'க' என்று வைத்த இடத்தில் மற்றொருவர் 'மு' என்று வைத்தார். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்பு பூட்டிய பெட்டியாகும். சாவி எழுத்துருவைச் செய்தவரிடமே தங்கிவிட்டது.

இக்குறையைத் தீர்க்க உழைத்தவர்களில் நம் சிங்கப்பூரர் நா. கோவிந்தசாமி அவர்களை நாம் மறத்தலாகாது. எழுத்தாளராகவும் ஆசிரியப் பயிற்சி விரிவுரையாளராகவும் விளங்கிய அவர் 'கணியன்' என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். 1995ஆம் ஆண்டு நம் நாட்டின் நான்கு மொழிக் கவிதைகளும் இணையத்தில் ஏறியபோது தமிழுக்கும் அங்கே இடம் கிடைத்ததில் அவருடைய பங்கு பெரிது. 1997இல் இங்கு நடந்த தமிழ் இணையக் கருத்தரங்கிலும் முன்னின்று உழைத்த அவர் 1999இல் இறைவனடி சேர்ந்தார். மறு ஆண்டு சிங்கப்பூரில் கூடிய தமிழ் இணைய மாநாட்டையொட்டி 'உத்தமம்' என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் பிறந்தது.

யூனிகோட் எனப்படும் ஒருங்குறி 1991லேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தது. எனினும் அது பரவலான புழக்கத்துக்கு வந்தது 2000ஆம் ஆண்டுக்குப் பிறகே. இன்று ஒருங்குறியில் எழுதுவதைத் தேக்காவிலும் படிக்கலாம், தஞ்சாவூரிலும் படிக்கலாம்.

திறந்த மூலம் என்பது யாது?

எண் பொதுவானால் போதுமா? எழுத்துருவும் பக்கம் அமைக்கும் மென்பொருளும் பொதுவாக வேண்டாமா? இங்கேதான் 'திறந்த மூலம்' அல்லது 'கட்டற்ற மென்பொருள்' என்னும் முறை வருகிறது. அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் தொடங்கி வைத்த இயக்கம் இதற்கு அடித்தளம் இட்டது. மென்பொருளை எவரும் பயன்படுத்தலாம், அதன் உள்ளமைப்பைப் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கும் வழங்கலாம் என்பதே இதன் சாரம். அன்னதானச் சமையற்கூடத்தில் பக்குவத்தை ஒருவர் மட்டும் மறைத்து வைத்தால், அவர் வராத நாளில் பந்தி நின்றுவிடும் அல்லவா?

தமிழில் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு மதுரைத் திட்டம். சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கு. கல்யாணசுந்தரம் அவர்கள் முன்னின்று 1998 பொங்கலன்று தொடங்கிய பணி இது. பல நாட்டுத் தமிழர்கள் ஊதியமின்றிப் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்கிறார்கள். தட்டச்சு செய்பவர் ஒருவர், மெய்ப்பு பார்ப்பவர் மற்றொருவர். முடிந்த நூலை உலகில் எவரும் இலவசமாகப் பெறலாம்.

எழுத்துருக்களிலும் இம்முறை வந்துவிட்டது. பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த 'கட்டமரன்', கூகுள் நிறுவனத்தின் 'நோட்டோ' வரிசைத் தமிழ் எழுத்துருக்கள் முதலியவை திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. இவற்றை அழைப்பிதழுக்கும் மலருக்கும் தடையின்றிப் பயன்படுத்தலாம், திருத்தியும் அமைக்கலாம். எழுத்துருவை மட்டும் தனிச்சரக்காக விற்கக் கூடாது. திருத்தியதையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். இவை 'கட்டமரன்' போன்றவற்றுக்குரிய உரிமத்தின் விதிகள்.

பக்கம் அமைக்க 'ஸ்கிரைபஸ்', படம் வரைய 'இங்க்ஸ்கேப்' என்னும் மென்பொருள்கள் உள்ளன. 'கோயில்' என்னும் சொல்லில் முதல் எழுத்தைப் பாருங்கள். கணினி முதலில் 'க'வையும் பிறகு ஓகாரக் குறியையும் சேமிக்கிறது. காகிதத்திலோ அக்குறியின் ஒரு பாதி 'க'வுக்கு முன்னும் மறுபாதி பின்னும் வர வேண்டும். பழைய ஸ்கிரைபஸுக்கு இது தெரியாது, தமிழைச் சிதைத்துவிடும். 2017இல் வந்த பதிப்பில்தான் இக்குறை நீங்கியது. மூலம் திறந்திருந்ததால், தம் மொழிகளுக்காகப் பிறர் செய்த திருத்தம் தமிழுக்கும் பயன்பட்டது.

நமது அனுபவம்

இதை நான் நிர்வாகக் குழுவில் எடுத்துரைத்தபோது பொருளாளர், "இலவசமாகக் கிடைப்பது நாளைக்கும் இருக்குமா, ஐயா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அந்த மென்பொருளைச் செய்தவர்கள் நாளை விலகினாலும் மூலம் பொதுவில் இருப்பதால் வேறொருவர் தொடரலாம். விலை கொடுத்து வாங்கிய நம் பழைய எழுத்துருவுக்கு அந்த வாய்ப்பும் இல்லாமற் போயிற்று. ஆயினும் இலவசம் என்றால் செலவே இல்லை என்று பொருளன்று. அச்சுக்கூலி உண்டு, காகிதம் உண்டு. கற்றுக்கொள்ளப் பொறுமை வேண்டும். முதலாண்டு எங்களுக்கு வழக்கத்தைவிடக் கூடுதல் நாள்கள் ஆயின என்பதை மறைக்காமல் சொல்கிறேன்.

இப்போது நான்கு தொண்டூழியர்கள் தத்தம் இல்லங்களிலிருந்தே மலரில் பணிபுரிகிறார்கள். யார், எந்த வரியை, எப்போது மாற்றினார் என்பது பதிவாகிறது. ஆலயக் கணக்கேட்டில் நாம் எதையும் அழிப்பதில்லை. பிழையிருந்தால் புதிய வரியில் திருத்தம் எழுதுகிறோம். அதே ஒழுங்குதான் இங்கும். பட்டியலை ஒருவர் வாசிக்க, மற்றொருவர் பழைய மலரில் விரல் வைத்து ஒப்பிடுகிறார். மொத்தப் பெயர்களையும் எண்ணிச் சரிபார்த்த பிறகே அச்சுக்கு அனுப்புகிறோம்.

ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். திறந்து வைப்பது பக்க அமைப்பையும் கோலங்களையும் மட்டுமே. அவற்றை வேறு ஆலயத்தார் கேட்டாலும் மகிழ்வுடன் தருவோம். உபயதாரரின் முகவரியும் தொலைபேசி எண்ணும் அலுவலகப் பெட்டகத்தைவிட்டு வெளியே போவதில்லை.

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். உங்கள் இல்லத்தில் நமது பழைய மலர்கள் இருப்பின், ஒப்பிட்டுப் பார்க்கச் சில நாள்கள் தந்துதவுங்கள். தமிழ் வாசிக்கத் தெரிந்த உங்கள் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் வாரத்தில் ஒரு மணி நேரம் மெய்ப்பு பார்க்க அனுப்புங்கள்.

அந்த அன்பரின் தாயார் பெயர் இம்மலரின் உபயதாரர் பட்டியலில் உரிய இடத்தில் அமர்ந்திருக்கிறது. அச்சுக்குப் போகுமுன் அவரையே அழைத்து வாசிக்கச் சொன்னேன். அவர் இரண்டு முறை வாசித்துவிட்டு, "சரியாக இருக்கிறது, ஐயா" என்றார்.