டவரே இல்லாத இடத்தில் தகவல் எப்படிப் போகும்? எந்த வழிமுறை சிறந்தது?

புயலில் டவர் சாய்ந்துவிட்டது, கரன்ட்டும் இல்லை. கையில் போன் இருக்கு, சிக்னல்தான் இல்லை. இப்படியொரு நேரத்தில் மீட்புக் குழுவினர் தங்களுக்குள் எப்படித் தகவல் பரிமாறுவது?

இதற்கான ஒரு விடை ‘மானெட்’ எனப்படும் நடமாடும் வலையமைப்பு. இதில் டவருக்கு வேலையே இல்லை. ஒவ்வொரு கருவியும், பக்கத்தில் இருக்கும் கருவியின் தகவலை வாங்கி அடுத்ததுக்குக் கைமாற்றிவிடும். அமெரிக்காவின் தார்பா அமைப்பு 1970களிலேயே ‘பாக்கெட் ரேடியோ’ என்ற பெயரில் இதைச் சோதித்துப் பார்த்தது.

சிக்கல் எங்கே?

ஆட்கள் நகர்ந்துகொண்டே இருப்பார்கள். இப்போது இருக்கும் வழி, அடுத்த நிமிடம் இருக்காது. அப்படியென்றால் தகவல் யார் யார் வழியாகப் போக வேண்டும்? இதைத் தீர்மானிப்பதில் இரண்டு முக்கிய முறைகள் உள்ளன.

முதலாவது, முன்கூட்டியே வழி தெரிந்து வைத்திருப்பது. 1994இல் வந்த டிஎஸ்டிவி, பின்னர் வந்த ஓஎல்எஸ்ஆர் ஆகியவை இந்த ரகம். எல்லாக் கருவிகளும் வழிப்பட்டியலை அவ்வப்போது புதுப்பித்துக்கொண்டே இருக்கும். தகவல் உடனே கிளம்பிவிடும். ஆனால், யாரும் பேசாத நேரத்திலும் பேட்டரி கரையும்.

இரண்டாவது, தேவைப்படும்போது மட்டும் தேடுவது. டிஎஸ்ஆர், ஏஓடிவி இரண்டும் இப்படித்தான். ‘இவருக்கு வழி தெரியுமா?’ என்று அக்கம்பக்கத்தில் கேட்க, அந்தக் கேள்வி கைமாறிப் போய்ப் பதிலோடு திரும்பும். முதல் தகவல் கிளம்பக் கொஞ்சம் தாமதமாகும். டிஎஸ்ஆரில் முழு வழியும் தகவலின் தலைப்பிலேயே எழுதப்பட்டிருக்கும். ஏஓடிவியில் ஒவ்வொரு கருவியும் அடுத்த ஆள் யார் என்பதை மட்டும் நினைவில் வைத்திருக்கும்.

எது ஜெயித்தது?

1998இல் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 50 கருவிகள் கொண்ட வலையமைப்பைக் கணினியில் உருவகப்படுத்தி ஒப்பிட்டார்கள். நடமாட்டம் குறைவாக இருந்தபோது டிஎஸ்டிவி கிட்டத்தட்ட எல்லாத் தகவலையும் சேர்த்தது. நடமாட்டம் கூடியதும் திணறிப்போனது. டிஎஸ்ஆர் எல்லா வேகத்திலும் நன்றாகத் தாக்குப்பிடித்தது; தலைப்பின் சுமைதான் அதற்குக் குறை. ஏஓடிவி அதற்குச் சமமாகவே ஓடியது, அந்தச் சுமையும் இல்லை. ஆனால், வழி தேட அதிகச் செய்திகளை அனுப்ப வேண்டியிருந்தது.

அப்போ முன்கூட்டியே வழி வைப்பது வீண் வேலையா? இல்லை. பெர்லினில் ‘ஃப்ரைஃபுங்க்’ தன்னார்வலர்கள் கூரைகளில் ரவுட்டர்களைப் பொருத்தி ஓஎல்எஸ்ஆரைப் பயன்படுத்தினார்கள். கூரை நகராது, அதனால் அங்கே அது பொருந்தியது. வலையமைப்பு பெரிதானதும் பட்டியலைப் பராமரிப்பதே பாரமானது. அதற்கு மாற்றாக அவர்களே ‘பேட்மேன்’ என்ற முறையை உருவாக்கினார்கள்.

இரண்டையும் கலக்கும் முறையும் உண்டு: பக்கத்து வட்டாரத்துக்குப் பட்டியல், தூரத்துக்குத் தேடல்.

ஆக, எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே முறை கிடையாது. ஆட்கள் எவ்வளவு வேகமாக நகர்வார்கள், எத்தனை பேர், பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்? இந்த மூன்றையும் முன்பே யோசிக்காமல் முறையைத் தேர்ந்தெடுத்தால், உதவி கேட்டு அனுப்பிய செய்தி நடுவழியிலேயே நின்றுவிடலாம்.