ஒரு கணினிக்குள் இன்னொரு கணினி

பல இல்லங்களில் கணினி ஒன்றுதான் இருக்கிறது. பகலில் பிள்ளைகள் அதில் பாடம் படிக்கின்றனர். புதிய மென்பொருள்களைப் பதிவிறக்கிப் பார்க்கின்றனர். மாலையில் அதே கணினியில்தான் நாம் வங்கிக் கணக்கைத் திறந்து மின்கட்டணமும் காப்பீட்டுத் தவணையும் செலுத்துகிறோம். இலவசமாகக் கிடைத்த ஒரு மென்பொருளில், நாம் தட்டும் ஒவ்வோர் எழுத்தையும் பதிவு செய்யும் தீநிரல் மறைந்திருந்தால், நமது கடவுச்சொல் பிறர் கைக்குப் போய்விடும். இரண்டாவது கணினி வாங்குவது எல்லோர்க்கும் இயலாது. ஆனால், இருக்கும் கணினிக்குள்ளேயே இன்னொன்றை அமைத்துக்கொள்ள இயலும். அதுவே மெய்நிகர் கணினி.

இது புதிய கருத்தன்று. ஐ.பி.எம். நிறுவனம் 1972-ஆம் ஆண்டிலேயே தன் பெருங்கணினிகளுக்கு இத்தகைய அமைப்பை வெளியிட்டது. இன்று விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற இலவச மென்பொருள்களால் இது வீட்டுக் கணினியிலும் எளிதாகியுள்ளது. கணினியின் நினைவகத்திலும் வட்டிலும் ஒரு பகுதியைப் பிரித்து, தனி இயங்குதளத்துடன் செயல்படும் மற்றொரு கணினியாக இது ஆக்கித் தருகிறது.

அமைக்கும் முறை

முதலில் கணினியின் திறனை அறிந்துகொள்வோம். 8 ஜி.பி. நினைவகமும், வட்டில் 40 ஜி.பி. அளவுக்குக் காலி இடமும் இருப்பது நல்லது. விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் செயலிக்குரிய பக்கத்தைத் திறந்தால், மெய்நிகராக்க வசதி இயக்கத்தில் உள்ளதா என்பது தெரியும். இல்லையெனில், கணினி தொடங்கும்போது வரும் பயாஸ் அமைப்பில் அதை இயக்க வேண்டும்.

அடுத்து, விர்ச்சுவல்பாக்ஸையும் உபுண்டு இயங்குதளத்தின் ஐ.எஸ்.ஓ. கோப்பையும் அவற்றின் அதிகாரபூர்வ இணையதளங்களிலிருந்து மட்டுமே பதிவிறக்க வேண்டும். உபுண்டுவுக்கு உரிமக் கட்டணம் இல்லை. புதிய மெய்நிகர் கணினியை உருவாக்கி, 4 ஜி.பி. நினைவகமும் 25 ஜி.பி. வட்டிடமும் ஒதுக்கி, அந்தக் கோப்பைக் கொண்டு நிறுவலாம். விண்டோஸில் மட்டும் இயங்கும் மென்பொருளைச் சோதிக்க விரும்பினால், உள்ளே நிறுவும் விண்டோஸுக்குத் தனி உரிமம் தேவை.

நிறுவி முடித்தவுடன் ‘ஸ்னாப்ஷாட்’ ஒன்றை எடுத்து வைப்போம். பின்னர் ஏதேனும் கெட்டுப்போனால், அந்த நிலைக்கே திரும்பிவிடலாம். இரு கணினிகளுக்கும் பொதுவான கோப்புறை, நகலெடுத்து ஒட்டும் வசதி ஆகியவற்றை இயக்காமல் விடுவதே பாதுகாப்பு.

வங்கிப் பணி எதில்?

பலர் தடுமாறும் இடம் இதுவே. வங்கிப் பணியை மெய்நிகர் கணினிக்குள் செய்தால் போதும் என்று கருதுவது தவறு. வெளியே உள்ள முதன்மைக் கணினியில் தீநிரல் இருந்தால், உள்ளே தட்டும் எழுத்துகளையும் திரையையும் அதனால் காண முடியும். ஆகவே முதன்மைக் கணினியைத் தூய்மையாக வைத்து, வங்கிப் பணிக்கு அதையே பயன்படுத்த வேண்டும். ஐயத்திற்குரிய இணைப்புகளையும் அறியாத மென்பொருள்களையும் மெய்நிகர் கணினிக்குள் திறக்க வேண்டும். இரு பக்கமும் இயங்குதளத்தைப் புதுப்பித்து வருவதும் அவசியம்.

இந்த ஏற்பாட்டிற்கும் எல்லை உண்டு. போலி இணையதளத்தில் நாமே கடவுச்சொல்லைத் தட்டினாலோ, தொலைபேசியில் கேட்பவரிடம் ஒருமுறைக் கடவுச்சொல்லைச் சொன்னாலோ, எந்த மெய்நிகர் கணினியும் நம்மைக் காக்காது. வங்கி ஒருபோதும் அதைக் கேட்பதில்லை.

கணக்கில் நாம் அறியாத பரிவர்த்தனை தென்பட்டால், உடனே வங்கிக்கும் 1930 என்ற தேசிய உதவி எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் பணத்தை மீட்கும் வாய்ப்பைக் குறைக்கும். அடுத்த விடுமுறை நாளில், பிள்ளைகளையும் உடன் அமர்த்திக்கொண்டு இந்த அமைப்பைச் செய்து பார்ப்போம். எதை எங்கே திறக்க வேண்டும் என்ற பழக்கம் அவர்களுக்கும் அப்போதே படியும்.