நோ போயிட்டுது, கால் இன்னும் ஆறவில்லை

"பிள்ளை, இன்னும் சுகமில்லையே?"

சென்ற மாசி மாதத்துக்குப் பிறகு உடுப்பிட்டியில் என்னைக் காண்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி இது. கடையடியிலும் கேட்பார்கள், கோயில் வீதியிலும் கேட்பார்கள். இரக்கத்தோடுதான் கேட்பார்கள், ஆனால் மாதம் போகப் போக அந்த 'இன்னும்' என்ற சொல் கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்துக்கொண்டு வந்தது. முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்து ஒன்பதாவது கிழமையில் நான் ஊன்றுகோல் இல்லாமல் நடந்தேன். வீக்கம் இல்லை, நோ இல்லை. ஆனாலும் சைக்கிளை றோட்டுக்கு எடுக்கக் கூடாது என்றார்கள். நோவே இல்லாத காலை எதற்காகப் பொத்திப் பொத்தி வைக்கவேண்டும் என்று எனக்கே விளங்காதபோது, கேட்பவர்களுக்கு என்ன சொல்வது?

நான் சைக்கிளுக்குத் திரும்பியது 2022இல். பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்று, பிறகு கியூஆர் குறியீட்டுக்கு அளந்து ஊற்றிய அந்த வருடம், மோட்டார் சைக்கிள் வைத்திருந்த பாதிப்பேர் வீட்டுக் கொட்டிலில் கிடந்த பழைய சைக்கிளைத் தூசி தட்டினார்கள். புதுச் சைக்கிளின் விலையைக் கேட்கவே முடியவில்லை. எரிபொருள் திரும்பி வந்ததும் மற்றவர்கள் மோட்டார் சைக்கிளுக்குப் போய்விட்டார்கள். நான் போகவில்லை. சுயாதீனமாக எழுதிப் பிழைப்பவளுக்கு அது செலவில்லாத வாகனம். போகப் போக அதற்கு மேலும் ஏதோ ஆகிவிட்டது. காலையில் வல்லை வெளியைத் தாண்டி யாழ்ப்பாணம் போவதும் பின்னேரம் திரும்புவதும் எனக்குப் பழக்கமாயின. சோளகம் வீசும் மாதங்களில் அந்த வெளியில் எதிர்க்காற்றுக்கு மிதித்தவர்களுக்குத்தான் அது என்னவென்று தெரியும். ஒரு மரம் இல்லை, ஒரு மதில் இல்லை. இரண்டு பக்கமும் தண்ணீர் அல்லது உப்புக் காய்ந்த தரை.

விழுந்ததும் அங்கேதான், கார்த்திகை மழையில். பின்னால் வந்த பஸ்சுக்கு விலகியபோது முன்சில்லு தாருக்கு வெளியே இறங்கிவிட்டது. இடது காலை நிலத்தில் ஊன்றினேன். உடம்பு திரும்பியது, பாதம் திரும்பவில்லை. உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். பெரிய நோ கூட இல்லை. இரவுதான் முழங்கால் பூசணிக்காய் மாதிரி வந்தது.

ஊரில் இதற்குப் பெயர் 'சவ்வு கிழிஞ்சிட்டுது'. உண்மையில் கிழிந்தது சவ்வல்ல, நார். முழங்காலுக்கு உள்ளே பெருக்கல் அடையாளம் மாதிரி இரண்டு நார்கள் குறுக்காக ஓடுகின்றன. முன்னால் இருப்பது ஏ.சி.எல். கெண்டைக்கால் எலும்பு முன்னுக்கு வழுக்காமலும், திரும்பும்போது முழங்கால் நழுவாமலும் பிடித்து வைப்பது அது. கிரிக்கெட், உதைபந்தாட்டம், வலைப்பந்தாட்டம் விளையாடுபவர்களுக்கு அடிக்கடி அறுவதும் அதுதான். மூட்டுக்குள் இருக்கும் நீரில் நனைந்தபடியே இருப்பதால், எலும்பு முறிந்த இடத்தில் இரத்தம் உறைந்து பொருந்துவதுபோல் அது தானாகப் பொருந்துவது அரிது. முறிந்திருந்தால் இதைவிடச் சுகமாக இருந்திருக்கும் என்று நான் சொன்னபோது அம்மா ஏசினா.

எல்லோருக்கும் சத்திரசிகிச்சை தேவையில்லை என்பதையும் இங்கே சொல்லவேண்டும். சுவீடனில் 121 இளம் வயதினரை வைத்து நடத்திய ஓர் ஆய்வில், முதலில் பயிற்சி மட்டும் பெற்றவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் ஐந்து வருடம் கழித்தும் சத்திரசிகிச்சை செய்யாமலே இருந்தார்கள். எனக்கு மூன்று மாதப் பயிற்சிக்குப் பிறகும் படி இறங்கும்போது முழங்கால் விட்டுவிட்டுப் போனது. அதனால்தான் செய்துகொண்டேன்.

செய்வது என்னவென்றால், அறுந்த நாரைத் தைப்பதில்லை. அதே காலின் தொடைப் பின்புறத்திலிருந்து ஒரு தசைநாணை எடுத்து மடித்துத் திரித்து, தொடை எலும்பிலும் கெண்டைக்கால் எலும்பிலும் துளையிட்டு, அதற்குள்ளால் இழுத்துக் கட்டிவிடுகிறார்கள். சின்னத் துளைகள் வழியாகக் கமரா விட்டுச் செய்வதால் வெளியே பெரிய காயம் தெரியாது. ஊர்ச்சனத்துக்கும் அதுவே பிழையான செய்தியைக் கொடுக்கிறது. "இந்தச் சின்னக் காயத்துக்கே இவ்வளவு நாள்?"

எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லாத விடயம் ஒன்று உண்டு. நானே வாசித்துத்தான் அறிந்தேன்.

புதிதாகக் கட்டிய அந்த நாண், கட்டிய அன்றுதான் உறுதியாக இருக்கிறது. தன் இடத்திலிருந்து வெட்டி எடுத்ததால் அதற்கு இரத்த ஓட்டம் இல்லை. உள்ளிருக்கும் உயிரணுக்கள் சாகின்றன. பிறகு மெதுவாகப் புது இரத்தக் குழாய்கள் உள்ளே நுழைகின்றன, புது உயிரணுக்கள் வந்து பழைய நாரைக் கரைத்துப் புதிதாக நெய்கின்றன. இந்த மாற்றத்தின் நடுவில், சுமாராக ஆறாவது கிழமையிலிருந்து பன்னிரண்டாவது கிழமை வரை, அது மிகவும் பலவீனமாக இருக்கிறது. முழுமையான நாராக மாற ஒரு வருடமும் அதற்கு மேலும் ஆகலாம். மிளகாய்க் கன்றோ புகையிலைக் கன்றோ பிடுங்கி நட்டவர்களுக்கு இது புதிதல்ல. நட்ட அன்று நிமிர்ந்து நிற்கும், அடுத்த நாள் வாடிச் சாயும், வேர் பிடித்த பிறகுதான் எழும்பும். வாடுகிற கன்றைக் கண்ணால் பார்த்துத் தண்ணீர் விடலாம். முழங்காலுக்குள் வாடுவதைப் பார்க்க முடியாது. காயத்தின் நோவும் வீக்கமும் அந்தக் கிழமைகளிலேயே போய்விடுகின்றன. கால் சுகம் என்று சொல்லத் தொடங்கும் நேரமும் நாண் ஆகப் பலவீனமாக இருக்கும் நேரமும் ஒன்றுதான். பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கை படித்தபோது, ஒரே மூலத்தை நம்பிச் செய்தி எழுதாதே என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நோ அப்படியொரு மூலம்.

தசைக்கும் ஒரு கதை உண்டு. மூட்டுக்குள் கொஞ்சம் நீர் கட்டினாலே மூளை தொடையின் முன்தசைக்குப் போகும் கட்டளையைக் குறைத்துவிடுகிறது. இது சோம்பலால் வருவதில்லை, நரம்பின் வேலை. முதல் கிழமை எனக்கு இயன்மருத்துவர் தந்த பயிற்சி ஒரு துவாயைச் சுருட்டி முழங்காலின் கீழ் வைத்து அதை அமத்துவது. அவ்வளவுதான். நான் அமத்தினேன். தொடை அசையவில்லை. பல்லைக் கடித்து, மூச்சைப் பிடித்து, வியர்த்து விறுவிறுத்து அமத்தினேன். அது யாருடையதோ தொடை மாதிரிக் கிடந்தது. நான்காம் நாள் முழங்கால் சிரட்டைக்கு மேலே ஒரு சின்னத் துடிப்பு வந்தபோது நான் அழுததை அம்மா நோவென்று நினைத்துவிட்டா.

அம்மாவின் வைத்தியம் வேறு. நோ எண்ணெய் போட்டு நன்றாக உருவிவிட்டால் இரண்டு கிழமையில் எழும்பி ஓடலாம் என்பது அவவின் உறுதியான நம்பிக்கை. முறிவு நெறிவு வைத்தியத்தில் எனக்கு அவமதிப்பு இல்லை, எங்கள் ஊரில் அதனால் எழும்பி நடந்தவர்கள் பலர். ஆனால் துளையிட்டுக் கட்டிய முழங்காலை முதல் கிழமைகளில் சூடுபண்ணி உருவினால் வீக்கம் கூடும். வீக்கம் கூடினால் தசை மறுபடி உறங்கிவிடும். எண்ணெய்ப் போத்தல் யன்னலில் இருந்தது, நான் ஐஸ் பக்கற்றை வைத்துக்கொண்டேன். சமாதானமாக, மற்றக் காலுக்கு அம்மா எண்ணெய் போட்டா.

ஐந்தாவது கிழமை சைக்கிள் வந்தது. ஜிம்மில் இருக்கும் மெசின் அல்ல. அம்மாவின் பழைய லேடீஸ் சைக்கிளை விறாந்தையில் ஸ்ராண்டில் ஏற்றினோம். பின்சில்லு நிலத்தில் முட்டாது, சும்மா சுற்றும். பெடல் ஒரு முழு வட்டம் போவதற்கு முழங்கால் ஏறக்குறைய 110 பாகை மடங்கவேண்டும். எனக்கு 95தான் மடங்கியது. அதனால் சீற்றை உயர்த்தி, அரை வட்டம் முன்னுக்கு, அரை வட்டம் பின்னுக்கு, ஊஞ்சல் மாதிரி. பின்பக்கமாக முழு வட்டம் முதலில் வரும், முன்பக்கம் பிறகுதான் வரும் என்று இயன்மருத்துவர் சொன்னார். அப்படியே நடந்தது. மடக்குவதைவிட நீட்டுவது முக்கியம் என்றும் சொன்னார். கால் முழுதாக நீளாமல் விட்டால் நொண்டல் நிரந்தரமாகிவிடும். சைக்கிள் மிதிக்கும்போது ஏ.சி.எல். மீது விழும் இழுவிசை குறைவு. அதனால்தான் இந்தச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு உலகமெங்கும் சைக்கிளைக் கொடுக்கிறார்கள். ஆபத்து மிதிப்பதில் இல்லை, விழுவதிலும் சட்டென்று காலூன்றுவதிலும் இருக்கிறது.

அப்பா பக்கத்தில் கதிரை போட்டு இருப்பார். 90களில் பொருளாதாரத் தடையால் பற்றரி இல்லாத காலத்தில், இதே விறாந்தையில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் பிபிசி தமிழோசையும் வெரித்தாசும் கேட்ட கதையைச் சொல்லுவார். சுற்றுகிறவருக்குச் செய்தி கேட்காதாம், மூச்சு வாங்குகிற சத்தம்தான் கேட்குமாம். "எங்கையும் போகாமல் மிதிக்கிறது எங்களுக்குப் புதிசில்லை" என்றார்.

பத்தாவது கிழமை ஒரு வெள்ளிக்கிழமை. அம்மா சந்நிதிக்குப் போயிருந்தா. நான் என் சொந்தச் சைக்கிளை எடுத்தேன். வல்லை வரை போய்த் திரும்புவதுதான் எண்ணம். போகும்போது ஒன்றுமில்லை, அவ்வளவு சந்தோசம். சோளகம் தொடங்கும் நேரம், காற்று முகத்தில். பாலத்தடியில் ஒரு நாய் குறுக்கே ஓடியது. நான் விழவில்லை. ஆனால் உயரமான ஆண்கள் சைக்கிளிலிருந்து அவசரமாகக் காலை ஊன்றினேன். இரவு மறுபடி பூசணிக்காய். நாண் தப்பிவிட்டது என்று பார்த்துச் சொன்னார்கள். ஆனால் தொடை திரும்ப உறங்கிவிட்டது, துவாயிலிருந்து ஆரம்பித்தேன். அரை மணித்தியாலத்துக்கு மூன்று கிழமை கொடுத்தேன்.

பயிற்சிக்குப் போகும் இடத்தில் ஒரு கடற்றொழிலாளியைச் சந்தித்தேன். இரண்டு வருடத்துக்கு முதல் இதே சத்திரசிகிச்சை செய்தவர், இரண்டாம் மாதமே படகேறியவர். படகு கரைக்கு வரும்போது தண்ணீருக்குள் குதித்து இழுக்கவேண்டும். நாண் திரும்ப அறுந்துவிட்டது. "தங்கச்சி, எனக்கும் பொறுமை இருந்தது, வீட்டில அரிசிதான் இருக்கேல்ல" என்றார். நான் பொறுமையைப் பற்றி எழுத உட்கார்ந்தபோதெல்லாம் அந்த வசனம் வந்து குறுக்கே நிற்கிறது. என்னால் வீட்டிலிருந்து எழுத முடிந்தது, அண்ணா காசு அனுப்பினார். நாட்கூலிக்குத் தோட்டம் கொத்துபவருக்கும் கடலுக்குப் போகிறவருக்கும் சுகவீன விடுமுறைச் சம்பளம் இல்லை. ஒன்பது மாதம் பொறு என்று துண்டில் எழுதிக் கொடுப்பது இலகு.

அந்த ஒன்பது மாதம் வெறும் ஊகக் கணக்கல்ல. 2016இல் வெளியான நோர்வே–அமெரிக்கக் கூட்டு ஆய்வொன்று, விளையாட்டுக்குத் திரும்புவதை ஒன்பது மாதம் வரை பிற்போடும் ஒவ்வொரு மாதமும் முழங்கால் மீண்டும் காயப்படும் வீதத்தை ஏறக்குறையப் பாதியாக்கியது என்று கண்டது. அது திரும்பித் திருப்பி ஓடும் விளையாட்டுகளுக்கானது. சைக்கிளுக்கு அவ்வளவு தேவையில்லை, மட்டமான றோட்டில் மூன்று நான்கு மாதத்தில் விடுவார்கள். எனக்கு அது ஐந்தாகியது, காரணம் மேலே சொன்ன வெள்ளிக்கிழமை.

ஓய்வில் கிடந்த நாட்களில் பெரிய சைக்கிளோட்ட வீரர்களின் முழங்கால்களைப் பற்றித் தேடித் தேடி வாசித்தேன். பிரான்ஸின் பெர்னார் ஈனோ 1980 தூர் டி பிரான்சில் மஞ்சள் மேலாடையோடு முன்னணியில் இருந்தபோது, முழங்கால் நோவால் போ நகரில் போட்டியை விட்டு வெளியேறினார். 1983இல் அதே தொல்லை மறுபடி வந்தது. ஸ்பெயினின் வுவெல்ற்றாவை வென்றார், ஆனால் அந்த வருடத் தூரில் ஓட முடியவில்லை. முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்தது. 1984இல் திரும்பி வந்து லோரன் ஃபின்யோனிடம் பத்து நிமிடத்துக்கும் அதிகமான வித்தியாசத்தில் தோற்றார். ஈனோவின் கதை முடிந்தது என்று பலர் நினைத்தார்கள். 1985இல் ஐந்தாவது தடவையாக வென்றார். கொலம்பியாவின் ஏகன் பெர்னால் 2022 ஜனவரியில் பயிற்சியின்போது, நின்ற பஸ்சின் பின்னால் மோதித் தொடை எலும்பையும் முழங்கால் சிரட்டையையும் முறித்துக்கொண்டார். ஆகஸ்ட்டிலேயே போட்டிக்குத் திரும்பிவிட்டார். மறுபடி ஒரு வெற்றி கிடைக்க 2025 பெப்ரவரி ஆனது. உலகத்தின் மிகச் சிறந்த வைத்தியர்கள் பக்கத்தில் இருந்தும் மூன்று வருடம். கடையடியில் கேட்கும் ஐயா ஒருவருக்கு இந்தக் கதையைச் சொன்னேன். அவர் கேட்டார்: "அவருக்கு நோ எண்ணெய் போட்டுப் பார்த்தவையே?"

இப்போது பதினொரு மாதம். அம்மாவின் லேடீஸ் சைக்கிளில்தான் ஓடுகிறேன். காலைத் தூக்கிப் போடத் தேவையில்லை, நின்றால் இரண்டு பாதமும் நிலத்தில் இருக்கும். என் சைக்கிளை விற்கவில்லை. ஒரு காலால் கதிரையிலிருந்து எழும்பி இருக்கும் சோதனையில் நல்ல கால் 22 தடவை செய்கிறது, கட்டிய கால் 18. இருபது வந்தால் யாழ்ப்பாணம் போகலாம் என்று இயன்மருத்துவர் சொல்லியிருக்கிறார். மாசியில் திரும்பப் பார்ப்பார்கள். அதுவரை வல்லைப் பாலம் மட்டும்தான். அங்கே இறங்கி, சைக்கிளைத் திருப்பி நிமிர்த்தி, வந்த வழியே உடுப்பிட்டிக்கு.