இத்தாலிய உணவகத்தின் ஒயின் பட்டியல்

இத்தாலிய உணவகமொன்றின் ஒயின் பட்டியலை மதிப்பிட விரும்புவோர், அதன் நீளத்தையோ விலைகளின் உயர்வையோ கண்டு மயங்காமல், அத்தேசத்தின் 20 பிராந்தியங்களும் தத்தம் மண்ணுக்குரிய திராட்சைகளோடு அதில் எவ்வளவு பிரதிபலிக்கின்றன என்பதையே முதலில் ஆராய்தல் வேண்டும். வடக்கே பியெமொந்தே குன்றுகளில் விளையும் நெப்பியோலோ திராட்சையிலிருந்து மட்டுமே வடிக்கப்பட்டு, மரப்பீப்பாயில் இருக்கும் 18 மாதங்கள் உட்பட 38 மாதங்களேனும் முதிர்ந்த பின்னரே விற்பனைக்கு வரும் பரோலோவும், தஸ்கனியின் சாஞ்சொவேசே திராட்சையைப் பிரதானமாகக் கொண்ட கியாந்தி கிளாசிகோவும், சிசிலியில் எத்னா எரிமலையின் சரிவில் விளைந்த சிவப்பு ஒயினும் ஒரே பட்டியலில் இடம்பெறுமாயின், அதைத் தொகுத்தவர் அந்நாட்டை அறிந்தவர் என்று கொள்ளலாம்.

1963-ஆம் ஆண்டில் இத்தாலிய அரசாங்கம் இயற்றிய சட்டத்தால் அறிமுகமான பிறப்பிட முத்திரை, ஒயின் எங்கே, எவ்விதிகளின்படி தயாரானது என்பதற்கு அத்தாட்சியாகுமேயன்றி, தயாரித்தவரின் திறமைக்கு அத்தாட்சியாகாது. ஆதலால் உற்பத்தியாளர் பெயரையும் அறுவடை ஆண்டையும் கூறாது, 'பரோலோ' என்று மட்டும் எழுதி விலையைக் குறிக்கும் பட்டியல், வாடிக்கையாளருக்குச் செய்ய வேண்டிய கடமையில் தவறியதாகும்.

எல்லாவற்றிற்கும் மேலாக, ஒயின் அங்கே சமைக்கப்படும் உணவுக்கு இசைந்திருத்தல் அவசியம். தக்காளியின் புளிப்புக்கு ஈடுகொடுக்கும் சாஞ்சொவேசேயும், மீன் வகைகளுக்கு ஏற்ற வெர்மெந்தினோ வெள்ளை ஒயினும், சாமானியரும் வாங்கக்கூடிய விலையில், அக்கறையோடு தேர்ந்தெடுத்து வைக்கப்பட்டிருக்குமானால், ஒரே பக்கத்தில் அடங்கும் பட்டியலும் உத்தமமானதே.