பனிச்சறுக்கு அணிக்கு வீரர்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்?

1980-ஆம் ஆண்டு பிப்ரவரி 14-ஆம் நாள். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலுள்ள லேக் பிளாசிட் என்ற ஊரில் குளிர்கால ஒலிம்பிக் போட்டிகள் நடந்துகொண்டிருந்தன. அன்று வைட்ஃபேஸ் என்ற மலையில் ஆண்களுக்கான மலையிறக்கப் பந்தயம். ஆங்கிலத்தில் இதை டவுன்ஹில் என்பார்கள். காலில் இரண்டு நீண்ட சறுக்குப் பலகைகளை மாட்டிக்கொண்டு, பனி மூடிய சரிவில் ஒருவர் பின் ஒருவராகப் பாய்ந்து இறங்க வேண்டும். பாதையின் நீளம் சுமார் 3 கிலோமீட்டர். அதை 1 நிமிடம் 45.50 விநாடியில் கடந்து தங்கப் பதக்கம் பெற்றார் ஆஸ்திரிய நாட்டு வீரர் லெயோன்ஹார்ட் ஷ்டாக். அவருடைய சராசரி வேகம் மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேல்!

இதில் வியப்பு என்ன தெரியுமா? லேக் பிளாசிட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஷ்டாக் அந்தப் பந்தயத்தில் இறங்குவதாகவே இல்லை. 1979 டிசம்பரில் அவர் விழுந்து காரை எலும்பை முறித்துக்கொண்டிருந்தார். ஆகவே மலையிறக்கப் பந்தயத்துக்கு அவரை மாற்று வீரராகத்தான் அழைத்து வந்திருந்தார்கள். மற்றவர்களில் யாருக்காவது இயலாமல் போனால் மட்டுமே அவருக்கு வாய்ப்பு.

உலகிலேயே சிறந்த வீரரை ஒரு நாடு மாற்று வீரராக வைத்திருந்தது எப்படி? அணியைத் தேர்ந்தெடுத்தவர்கள் கவனக்குறைவாக இருந்தார்களா? அப்படியில்லை. பனிச்சறுக்கில் யார் சிறந்தவர் என்று அளப்பதே கடினமான ஒரு கணக்கு. அந்தக் கணக்கைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

நான்கே இடங்கள்

ஒலிம்பிக் பனிச்சறுக்கில் ஒரு பந்தயத்துக்கு ஒரு நாடு அதிகமாகப் போனால் 4 பேரைத்தான் அனுப்பலாம். இது தவிர மொத்த எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. 2022-இல் பெய்ஜிங்கில் நடந்த ஒலிம்பிக்கில் மலைச்சரிவுப் பந்தயங்கள் அனைத்துக்கும் சேர்த்து ஒரு நாட்டுக்கு 22 இடங்கள். ஆண்கள் 11 பேர், பெண்கள் 11 பேர். இதற்கு மேல் யாருக்கும் இடமில்லை.

ஆல்ப்ஸ் மலையின் மடியிலுள்ள ஆஸ்திரியா போன்ற நாடுகளில் குழந்தைகள் நடை பழகியதும் சறுக்கப் பழகுகிறார்கள். உலகின் முதல் பத்து வீரர்களில் ஐந்தாறு பேர் அந்த ஒரே நாட்டினராக இருந்த காலங்களும் உண்டு. அங்கே ஐந்தாவதாக நிற்பவர் வேறொரு நாட்டில் பிறந்திருந்தால் முதல் வீரராக இருப்பார். ஆனால் ஆஸ்திரியாவில் அவர் வீட்டிலிருந்து தொலைக்காட்சியில்தான் ஒலிம்பிக் பார்க்க வேண்டும்! ஆகவே நான்காவது ஆளையும் ஐந்தாவது ஆளையும் பிரித்தறிவது அங்கே பெரும் பொறுப்பு.

கடிகாரம் மட்டும் போதாது

நூறு மீட்டர் ஓட்டக்காரர்களை ஒப்பிடுவது எளிது. சென்னையில் ஓடினாலும் டோக்கியோவில் ஓடினாலும் நூறு மீட்டர் நூறு மீட்டர்தான். மலை அப்படிப்பட்டதல்ல. ஒரு மலையின் சரிவு செங்குத்தானது, மற்றொன்று சாய்வானது. இன்று பனி கண்ணாடிபோல் இறுகியிருக்கும். நாளை வெயிலில் இளகிவிடும். ஒரே பந்தயத்தில்கூட முதலில் இறங்குபவருக்கு வழவழப்பான பாதை கிடைக்கிறது. நாற்பதாவதாக இறங்குபவருக்கோ முன்னே போனவர்களின் பலகைகள் கீறிய பள்ளங்கள்தான் மிச்சம்.

எனவே, ஒரு மலையில் 105 விநாடி எடுத்தவரையும் வேறொரு மலையில் 110 விநாடி எடுத்தவரையும் நேரத்தை மட்டும் வைத்து ஒப்பிட முடியாது. என்ன செய்வது? 1924-இல் தோன்றிய சர்வதேசப் பனிச்சறுக்குச் சம்மேளனம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. நேரத்தை விட்டுவிட்டு விகிதத்தைப் பார்க்கிறார்கள். அந்தந்தப் பந்தயத்தில் வென்றவரே அளவுகோல்.

வீரரின் நேரத்தை வென்றவரின் நேரத்தால் வகுக்க வேண்டும். அதிலிருந்து 1-ஐக் கழிக்க வேண்டும். வருவதை ஒரு நிலையான எண்ணால் பெருக்க வேண்டும். இதுவே அவருடைய பந்தயப் புள்ளி.

ஓர் எடுத்துக்காட்டு. கம்பங்களுக்கிடையே வளைந்து வளைந்து இறங்கும் ஸ்லாலம் பந்தயத்துக்கு அந்த நிலையான எண் 730. வென்றவர் 100 விநாடியில் முடிக்கிறார். நம் வீரர் 103 விநாடியில் முடிக்கிறார். 103-ஐ 100-ஆல் வகுத்தால் 1.03. அதில் 1-ஐக் கழித்தால் 0.03. அதை 730-ஆல் பெருக்கினால் 21.90 புள்ளி. வேறொரு மலையில் வென்றவர் 110 விநாடியிலும் நம் வீரர் 113.30 விநாடியிலும் முடித்தாலும் விடை அதே 21.90தான். கணக்கிட்டுப் பாருங்கள்! வென்றவருக்கு எப்போதும் பூச்சியம். ஆகவே இந்தக் கணக்கில் புள்ளி குறையக் குறையத்தான் பெருமை.

மற்றப் பந்தயங்களுக்கு எண்கள் வேறு. ஜயண்ட் ஸ்லாலத்துக்கு 1010, சூப்பர் ஜி பந்தயத்துக்கு 1190, மலையிறக்கத்துக்கு 1250. ஏன் இந்த வேறுபாடு? ஸ்லாலத்தில் நல்ல வீரருக்கும் சுமாரான வீரருக்கும் இடையே விகித வேறுபாடு அதிகம். மலையிறக்கத்தில் அது குறைவு. அந்தக் குறையை ஈடுசெய்யவே பெரிய எண்ணால் பெருக்குகிறார்கள்.

யாரை வென்றாய்?

இத்துடன் கணக்கு முடிந்துவிடவில்லை. உங்கள் வகுப்பில் நீங்கள் முதல் மாணவராக இருக்கலாம். வேறொரு பள்ளியின் முதல் மாணவரும் நீங்களும் சமமா? அந்த வகுப்பின் தரம் தெரியாமல் சொல்ல முடியாது அல்லவா? அதுபோலவே, சிறிய பந்தயமொன்றில் வென்றவரும் உலகின் பெரிய வீரர்கள் கூடிய பந்தயத்தில் வென்றவரும் சமமாகிவிடக் கூடாது. இதற்காகப் பந்தயத்தின் தரத்துக்கேற்ப ஒரு தண்டப்புள்ளி எல்லாருக்கும் சேர்க்கப்படுகிறது. அதைக் காண மூன்று கூட்டுத்தொகைகள் வேண்டும்.

முதலாவது: முதல் பத்து இடங்களுக்குள் வந்தவர்களில், ஏற்கெனவே சிறந்த புள்ளி பெற்றிருக்கும் ஐவரின் பழைய புள்ளிகள். இரண்டாவது: பந்தயத்தில் புறப்பட்ட அனைவரிலும் சிறந்த ஐவரின் பழைய புள்ளிகள். மூன்றாவது: முதலில் சொன்ன ஐவரும் இன்றைய பந்தயத்தில் பெற்ற புள்ளிகள். முதல் இரண்டையும் கூட்டி, மூன்றாவதைக் கழித்து, 10-ஆல் வகுக்க வேண்டும்.

மூன்றாவதை ஏன் கழிக்கிறார்கள்? பெயர் பெற்ற ஐவரும் இன்று வென்றவரைவிட வெகுதூரம் பின்தங்கியிருந்தால், வென்றவர் உண்மையிலேயே அவர்களைவிட வேகமானவர் என்று பொருள். அந்த இடைவெளிக்கு ஏற்பத் தண்டத்தைக் குறைப்பதுதானே நியாயம்?

ஒரு பந்தயத்தில் இந்தத் தொகைகள் 100, 90, 40 என்று கொள்வோம். தண்டப்புள்ளி 15. நம் வீரரின் 21.90-உடன் சேர்த்தால் 36.90. பலவீனமான வேறொரு பந்தயத்தில் அவை 400, 380, 80 என்றால் தண்டம் 70. அங்கே அதே 21.90 பெற்றவருக்கு மொத்தம் 91.90. இதனுடன் பந்தயத்தின் வகைக்கேற்பச் சில திருத்தங்களும் உண்டு. பொதுவாக, ஒருவர் ஒரு வகைப் பந்தயத்தில் ஓராண்டுக்குள் பெற்ற மிகச் சிறந்த இரண்டு முடிவுகளின் சராசரியே பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே எழுதப்படுகிறது.

இந்தப் பட்டியல்தான் ஏணி. ஆஸ்திரியாவில் வீரர்களைத் தேசிய அணி, ஏ அணி, பி அணி, சி அணி என்று படிப்படியாகப் பிரித்திருக்கிறார்கள். அமெரிக்காவிலும் இதுபோல் படிகள் உண்டு. உச்சியில் இருப்பது உலகக் கோப்பைத் தொடர். 1967 ஜனவரியில் தொடங்கிய அதில் இன்று முதலிடத்துக்கு 100 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 80, மூன்றாமிடத்துக்கு 60 என்று போய், முப்பதாம் இடத்துக்கு 1 புள்ளி கிடைக்கிறது. இங்கே மட்டும் புள்ளி கூடக் கூடப் பெருமை. ஒலிம்பிக் அணியைத் தேர்ந்தெடுக்கும்போது அந்தப் பருவத்தின் உலகக் கோப்பை முடிவுகளையே பெரிதும் பார்க்கிறார்கள்.

எண்கள் சொல்லாதவை

மறுபடி லேக் பிளாசிட்டுக்கு வருவோம். புள்ளிப் பட்டியல் எவ்வளவு நுட்பமானதானாலும் அது நேற்றைய செய்தி. நாளை யார் வெல்வார் என்று அதற்குத் தெரியாது. முறிந்த எலும்பு கூடிவிட்டதா என்பதும் தெரியாது.

மலையிறக்கப் பந்தயத்துக்கு முந்திய நாட்களில் அதே பாதையில் பயிற்சி இறக்கங்கள் நடக்கும். வீரர்கள் பாதையைப் பழகிக்கொள்ளாவிட்டால் உயிருக்கே ஆபத்து என்பதால் இந்த ஏற்பாடு. அங்கும் நேரம் குறிக்கப்படும். 1980-இல் அந்தப் பயிற்சிகளில் மாற்று வீரரான ஷ்டாக் மிக வேகமாக இறங்கினார். ஆஸ்திரியப் பயிற்சியாளர்கள் தம் முடிவை மாற்றி அவரை நால்வரில் ஒருவராக்கினர்.

நான்கு இடங்களில் புதிதாக ஒருவர் நுழைந்தால் பழையவர் ஒருவர் வெளியேற வேண்டும் அல்லவா? 1978-இல் இதே வகைப் பந்தயத்தில் உலகச் சாம்பியனான சேப் வால்ஹர் அந்த ஒலிம்பிக் பந்தயத்தில் இறங்கவில்லை. ஷ்டாக் தங்கம் வென்றார். அவருடைய நாட்டவரான பீட்டர் விர்ன்ஸ்பெர்கர் 0.62 விநாடி பின்தங்கி வெள்ளி பெற்றார். அந்தச் சராசரி வேகத்தில் 0.62 விநாடி என்பது சுமார் 18 மீட்டர். நூறில் ஒரு பங்கு விநாடியோ சுமார் 29 சென்டிமீட்டர். ஏறக்குறைய உங்கள் அளவுகோலின் நீளம்!

பயிற்சியாளர்களின் முடிவு சரி என்று பந்தயம் காட்டியது. ஆனால் ஷ்டாக் தோற்றிருந்தால்? உலகச் சாம்பியனை ஏன் விட்டீர்கள் என்று நாடே கேட்டிருக்கும். இதனால்தான் பல நாடுகள் தேர்வு விதிகளை முன்கூட்டியே எழுதி வெளியிடுகின்றன. இன்ன தகுதி பெற்றவருக்கு இடம் உறுதி என்று சொல்லிவிட்டு, சில இடங்களை மட்டும் பயிற்சியாளரின் முடிவுக்கு விடுகின்றன. முழுவதும் எண்ணை நம்பினால் ஷ்டாக் போன்றவர்களை இழக்க நேரும். முழுவதும் மனிதரை நம்பினால் வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேச்சு எழும்.

டிசம்பரில் பிறந்தவர்

தேர்வு ஒலிம்பிக்கின் போது தொடங்குவதில்லை. உங்கள் வயதிலேயே தொடங்கிவிடுகிறது. ஆஸ்திரியாவில் படிப்பையும் பனிச்சறுக்கையும் சேர்த்துக் கற்பிக்கும் பள்ளிகள் உள்ளன. அவற்றுள் ஷ்டாம்ஸ் என்ற ஊரிலுள்ள பள்ளி 1967-இல் தொடங்கப்பட்டது. சுமார் 16 வயதில் சர்வதேசப் புள்ளிகளுக்கான பந்தயங்களில் இறங்கலாம்.

சிறுவர் பந்தயங்களில் வயதைப் பிறந்த ஆண்டைக் கொண்டு பிரிக்கிறார்கள். ஜனவரியில் பிறந்தவரும் டிசம்பரில் பிறந்தவரும் ஒரே பிரிவு. வளரும் பருவத்தில் பதினொரு மாத வேறுபாடு எடையிலும் வலிமையிலும் நன்றாகத் தெரியும். தேர்ந்தெடுக்கப்பட்ட இளம் வீரர்களில் ஆண்டின் தொடக்கத்தில் பிறந்தவர்களே அதிகம் என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். திறமையைத் தேடுகிறோம் என்று எண்ணிக்கொண்டு, முன்னதாக வளர்ந்தவர்களைப் பொறுக்கிவிடும் அபாயம் இது.

ஹெர்மன் மயர் 1972 டிசம்பர் 7-இல் பிறந்தவர். ஷ்லாட்மிங் நகரின் பனிச்சறுக்குப் பள்ளியில் சேர்ந்த அவர், உடல் போதிய வளர்ச்சி பெறாததாலும் முழங்கால் வலியாலும் 15 வயதில் வீடு திரும்பினார். பிறகு கொத்தனாராக வேலை பார்த்தார். குளிர்காலத்தில் சறுக்கக் கற்றுக்கொடுத்தார். 1996 ஜனவரியில் அவருடைய ஊரான ஃப்ளாஹாவில் உலகக் கோப்பைப் பந்தயம் நடந்தது. பந்தயத்துக்கு முன் பாதையைச் சோதிக்கச் சிலர் இறங்குவார்கள். அவர்களுடைய நேரம் கணக்கில் வராது. அவர்களில் ஒருவராக இறங்கிய மயரின் நேரம் பன்னிரண்டாம் இடத்துக்குப் போதுமானதாக இருந்தது! அவர் இறங்கியபோது பனி புதிதாக இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. ஆயினும் பயிற்சியாளர்கள் அதைக் கவனித்து அவருக்கு வாய்ப்பளித்தார்கள். 1998-இல் ஜப்பானின் நாகானோ ஒலிம்பிக்கில் அவர் இரண்டு தங்கம் வென்றார். உலகக் கோப்பைத் தொடரில் மொத்தம் 54 பந்தயங்களில் வென்றார்.

ஏணியின் மறு முனை

இதே புள்ளிப் பட்டியல் நம் நாட்டு வீரர்களையும் அளக்கிறது. இங்கே சிக்கல் வேறு. நால்வருக்குள் இடம்பிடிக்கும் போட்டி இல்லை. ஒருவராவது தகுதி பெறுவதே சாதனை. காஷ்மீரின் குல்மார்க் பகுதியைச் சேர்ந்த ஆரிஃப் கான், வெளிநாடுகளில் பந்தயங்களில் இறங்கித் தேவையான புள்ளிகளைப் பெற்றார். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரர் அவரே. ஜயண்ட் ஸ்லாலத்தில் 45-ஆம் இடம் பெற்றார்.

மாணவர்களே, உங்கள் பள்ளி விளையாட்டு விழாவில் இந்தக் கணக்கைச் செய்து பாருங்கள். 100 மீட்டரில் முதல்வர் 13 விநாடி, இன்னொருவர் 13.65 விநாடி. 400 மீட்டரில் முதல்வர் 60 விநாடி, வேறொருவர் 63 விநாடி. முதல்வரைவிட அதிகம் பின்தங்கியவர் யார்? விகிதத்தைக் கண்டால் விடை தெரியும். விடை தெரிந்த பிறகு, அந்த இருவரில் ஒருவரை மட்டும் மாவட்டப் போட்டிக்கு அனுப்ப வேண்டுமென்றால் யாரை அனுப்புவீர்கள் என்று யோசியுங்கள். விகிதம் எங்கே உதவுகிறது, எங்கே உங்கள் கண்ணும் அனுபவமும் தேவைப்படுகின்றன என்பது அப்போது புரியும்.