தையல் இயந்திரத்தை எங்கே வாங்குவது?



திருப்பூரின் பனியன் தொழில், இயந்திரம் வாங்கிய ஒருவரின் துணிவிலிருந்து பிறந்தது. 1925-ஆம் ஆண்டில் குலாம் காதர் சாகிப் அவர்கள் கையால் இயக்கும் பின்னல் இயந்திரங்களைக் கொண்டு ‘பேபி நிட்டிங் இண்டஸ்ட்ரீஸ்’ என்னும் தொழிற்கூடத்தைத் தொடங்கினார். இவ்வூரின் முதல் பனியன் தொழிற்கூடம் என்று வரலாற்றில் இடம்பெற்றது அதுவே. இன்று இவ்வூர் உலக நாடுகளுக்கெல்லாம் ஆடை அனுப்புகின்றது.

அத்தொழிலின் ஓரத்தில், வீட்டு முன்கூடத்தில் இரண்டு மூன்று இயந்திரங்களைப் போட்டு, கம்பெனிகளிலிருந்து ஜாப் ஒர்க் வாங்கித் தைத்துக் கொடுத்துப் பிழைக்கும் குடும்பங்கள் பல. அந்த இயந்திரங்களுக்கான பணம் எங்கிருந்து வருகின்றது? தாயின் நகையிலிருந்து, வளைகுடாவில் வாடும் மகனின் சேமிப்பிலிருந்து, உறவினர் தந்த கைமாற்றிலிருந்து வருகின்றது. அவ்வாறு சேர்ந்த பணத்துடன் கடைக்குப் போகின்றவர் முதலில் கேட்பது, “என்ன விலை?” என்பதுதான். ஆனால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. “இந்த இயந்திரம் நின்றுபோனால் யார் வருவார், எப்பொழுது வருவார்?” என்பதே அது.

எது மலிவு?

ஒரு கணக்குப் பாருங்கள். பழைய இயந்திரம் ஒன்று பத்தாயிரம் ரூபாய் குறைவாகக் கிடைக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். அது மாதத்தில் இரண்டு நாள் பழுதாகி நிற்கின்றது. ஒரு நாள் வருமானம் 600 ரூபாய். ஆண்டுக்கு 24 நாட்கள், 14,400 ரூபாய் இழப்பு. இலாபமாக எண்ணிய பத்தாயிரம் ஓராண்டிற்குள் கரைந்துவிட்டது. சொன்ன நாளில் சரக்கைக் கொடுக்க முடியாமற்போனால் அடுத்த ஆர்டர் வேறு வீட்டிற்குப் போய்விடும். அந்த இழப்பை எந்தக் கணக்கில் எழுதுவது?

இதனால் பழைய இயந்திரமே கூடாது என்று எண்ணிவிட வேண்டாம். தரமான பழைய இயந்திரம், தரமற்ற புதியதைவிடப் பல்லாண்டுகள் உழைக்கும்.

முதலில் வேலை, பிறகு இயந்திரம்

எந்த வேலை கிடைக்கும் என்று அறியாமல் இயந்திரம் வாங்குவது, குதிரை வாங்குமுன் சேணம் வாங்குவது போன்றது. பின்னல் துணி இழுத்தால் நீளும். அதன் விளிம்புகளை இணைக்க ஓவர்லாக் வேண்டும். கீழ் மடிப்பு அடிக்கப் பேட்லாக் வேண்டும். கழுத்துப்பட்டி, பாக்கெட், லேபிள் ஆகியவற்றிற்கு, நம் ஊரார் ‘சிங்கர்’ என்று பொதுப்பெயரிட்டு அழைக்கும் நேர்த்தையல் இயந்திரம் வேண்டும். வேலை தரவிருக்கும் கம்பெனியில், எத்தகைய ஆடை, எத்தனை நூல் தையல் என்று கேட்டறிந்த பின்னரே கடைக்குச் செல்லுங்கள்.

ஜூகி, பிரதர், பெகாசஸ், யமாட்டோ ஆகிய ஜப்பானியப் பெயர்களும், தைவானின் சிருபாவும், சீனாவின் ஜாக்கும் இங்கே பழக்கமானவை. மின்னணுப் பாகமில்லாத எளிய சிங்கரைப் பழையதாக வாங்குவதில் அச்சம் குறைவு. அதன் தேய்மானம் கண்ணுக்குத் தெரியும், மாற்றுப் பாகமும் எளிதில் கிடைக்கும். கண்ட்ரோல் பாக்ஸுடன் கூடிய கணினி இயந்திரம் அப்படியன்று. அதன் மின்னணுப் பலகையில் உள்ள பழுது வெளியே தெரியாது. அதனை உத்தரவாதத்துடன் புதிதாக வாங்குவதே நல்லது. பழைய இயந்திரத்தில் கிளட்ச் மோட்டார் இருந்தால் அதனையும் கவனியுங்கள். தைக்காத நேரத்திலும் அது சுழன்று மின்சாரம் தின்னும். சர்வோ மோட்டார் தைக்கும்போது மட்டுமே சுழலும்.

நான்கு வாசல்கள்

முதலாவது, நிறுவனங்களின் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளர். விலை கூடுதல், ஆயின் பில், உத்தரவாதம், மெக்கானிக், உதிரிப்பாகம் நான்கும் ஒரே இடத்தில் கிடைக்கும். ஊரில் நடக்கும் இயந்திரக் கண்காட்சிகளில் பல நிறுவனங்களின் இயந்திரங்களை ஒருங்கே ஓட்டிப் பார்க்கலாம்.

இரண்டாவது, பழைய இயந்திரங்களை வாங்கிப் பழுது நீக்கி விற்பவர். இவர்களுள் நாணயமானவர் உண்டு. பெயிண்டை மட்டும் புதிதாக்குகின்றவரும் உண்டு. சொந்தப் பட்டறையும் மெக்கானிக்கும் வைத்திருப்பவரிடமே செல்லுங்கள். ஓராண்டுக்கு முன் அவரிடம் வாங்கியவர் இருவரையாவது தேடிச்சென்று விசாரியுங்கள்.

மூன்றாவது, தொழிலை நிறுத்தும் கம்பெனி. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற ஆணையால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோதும், 2020-இல் கொரோனா ஊரடங்கின்போதும், 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 விழுக்காடு வரி விதித்தபோதும் இவ்வூர்த் தொழில் தடுமாறியது. அத்தகைய காலங்களில் நல்ல இயந்திரங்களும் விலைக்கு வருவது இயல்பு. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதனை நேரில் பார்க்கலாம். அதனை ஓட்டிய தையற்காரரிடமே நலம் தீமை கேட்கலாம். ஆனால், அதன்மீது வங்கிக் கடன் நிலுவை உள்ளதா என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்.

நான்காவது, வங்கிகளின் ஏலம். 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி நடைபெறும் ஏலங்களில் பொருள் ‘எங்கே எப்படி உள்ளதோ அப்படியே’ விற்கப்படும். பின்னர் குறை சொல்ல இடமில்லை. அனுபவமுள்ள மெக்கானிக் துணையின்றி இவ்வாசலில் நுழையாதீர்கள்.

கடையில் செய்ய வேண்டியவை

நீங்கள் தைக்கப்போகும் துணியையும் நூலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரர் தரும் தடித்த துணியில் எந்த இயந்திரமும் அழகாகத் தைக்கும். மெல்லிய பனியன் துணியில்தான் அதன் உண்மை நிலை வெளிப்படும். அரைமணி நேரமாவது தொடர்ந்து ஓட்டச் சொல்லுங்கள். தையல் தாவுகின்றதா, நூல் அறுகின்றதா, சூடேறியபின் சத்தம் மாறுகின்றதா என்று பாருங்கள். ஊசித்தண்டை விரலால் அசைத்தால் ஆட்டம் தெரிகின்றதா? துணியை நகர்த்தும் பற்கள் மழுங்கியுள்ளனவா? ஊசித்தட்டின் துளை அகன்றுள்ளதா? எண்ணெய் கறுத்துள்ளதா? பெயர்த்தகடு பிற்பாடு ஒட்டப்பட்டது போல் இருந்தால், எவ்வளவு பெரிய பெயராயினும் நம்பாதீர்கள். வீட்டு மின் இணைப்பு ஒற்றை ஃபேஸா, மும்முனையா என்பதற்கேற்ப மோட்டார் அமைந்துள்ளதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மார்க்கம் தந்த உரிமை

மேலே காய்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்த தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்து, அந்த வியாபாரியைக் கண்டித்த வரலாற்றை நாம் அறிவோம். புதுப் பெயிண்டுக்குள் தேய்ந்த இயந்திரத்தை மறைப்பதும் அதே குற்றமன்றோ? வாங்கும்போதே இருந்து, வாங்கியவர் அறியாத குறை பின்னர் தெரியவந்தால், பொருளைத் திருப்பித்தரும் உரிமை அவருக்கு உண்டு. ஃபிக்ஹு நூல்கள் இதனை ‘கியாருல் ஐப்’ என்று கூறும். பேரம் முடிக்கும்போதே, எண்ணிப் பார்த்து முடிவு செய்ய அவகாசம் கேட்டு நிபந்தனை விதிப்பது ‘கியாருஷ் ஷர்த்’. ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளில் அதற்கு மூன்று நாள் வரை இடமுண்டு. மூன்று நாள் வீட்டில் ஓட்டிப் பார்த்தால் இயந்திரத்தின் குணம் பெரும்பாலும் தெரிந்துவிடும். கேட்பதற்கு ஏன் கூச்சம்? கேட்டுப் பெற்று, பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

நாட்டுச் சட்டமும் துணை நிற்கின்றது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்தில் வாங்கும் பொருள்களுக்குப் பொருந்தாது. எனினும், சுயதொழில் செய்து பிழைப்பதற்கென்றே வாங்குபவரை அது நுகர்வோராகவே ஏற்கின்றது. ஆனால், பில் இல்லாதவர் எதைக் காட்டி வாதாடுவார்? பில்லில் இயந்திரத்தின் மாடலும் வரிசை எண்ணும் இடம்பெற வேண்டும். சில நூறு ரூபாய் மிச்சமென்று துண்டுச் சீட்டோடு திரும்பாதீர்கள்.

ஜமாஅத்தினருக்கு ஒரு வேண்டுகோள்

விதவையருக்கும் ஏழைப் பெண்களுக்கும் தையல் இயந்திரம் வழங்குவது நம் மஹல்லாக்களில் நடைபெறும் நற்செயல். ஆனால், காலால் மிதிக்கும் சாதாரண இயந்திரம், நேர்த்தையல் மட்டுமே போடும். ஜாக்கெட் தைக்க அது உதவும். திருப்பூரின் பனியன் வேலைக்கு வேண்டியவையோ ஓவர்லாக்கும் பேட்லாக்கும். பத்துப் பேருக்கு மிதி இயந்திரம் கொடுத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்வதைவிட, நான்கு பேருக்கேனும் நன்கு சோதித்த ஓவர்லாக் இயந்திரத்தையும், அதனை ஓட்டும் பயிற்சியையும், பழுது பார்க்க ஒரு மெக்கானிக்கின் பொறுப்பையும் சேர்த்துக் கொடுங்கள். அந்த நான்கு வீடுகளிலும் அடுப்பு எரியும். அடுத்த ஆண்டு அவர்கள் கையேந்தி வரமாட்டார்கள், இன்ஷா அல்லாஹ்.