பொதுவிடங்களுக்கு வெண்கலச் சிற்பங்கள்

2023 செப்டம்பரில் ஜி-20 உச்சி மாநாடு நடைபெற்ற புது தில்லி பாரத் மண்டபத்தின் முன் நிறுவப்பட்ட 27 அடி உயர நடராசர் சிலை, தஞ்சை மாவட்டம் சுவாமிமலையில் உருவானதாகும். இந்திரா காந்தி தேசியக் கலை மையம் இப்பணியை அவ்வூர்ச் சிற்பிகளிடம் ஒப்படைத்தது. அதன் எடை சுமார் 18 டன்.

முதலில் மெழுகில் உருவம் சமைக்கப்படுகிறது. அதன்மேல் காவிரி வண்டல் மண் பூசி உலர்த்துவர். சூடேற்றியதும் மெழுகு உருகி வெளியேறும். அவ்வெற்றிடத்தில் உருக்கிய உலோகம் ஊற்றப்படும். ஆறியபின் அச்சு உடைக்கப்படுவதால், ஓர் அச்சில் ஒரு வார்ப்பே கிடைக்கும். பெருங்குறை நேரின் மெழுகு வேலையிலிருந்தே மீண்டும் தொடங்க வேண்டும்.

ஆகவே, மிகக் குறைந்த விலைப்புள்ளியை மட்டும் நோக்கிச் சிலைப்பணியை வழங்குதல் பொருந்தாது. உலோகம் வாங்க முன்பணம், போதிய காலம், மெழுகு நிலையிலேயே உருவத்திற்கு ஒப்புதல் ஆகிய மூன்றும் ஒப்பந்தத்தில் இடம்பெறுதல் வேண்டும்.